அத்தை கொண்டுவந்த ஸ்பிரே பாட்டில்கள்

என் அத்தை ஸ்ரீரங்கத்தில் பியூட்டி பார்லர் நடத்திவந்தார். அவருடைய தம்பியான என் அப்பா திருவானைக்காவலில் தண்ணீர் மோட்டார்களை ரிப்பேர் செய்யும் பட்டறை வைத்திருந்தார். தன் தொழிலைப் பற்றி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்பாவின் நம்பிக்கை. தனக்குத் தெரியாத தொழில் என்று ஒன்று இருக்க முடியும் என்று அத்தை நினைத்துப் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு விடுமுறை. அன்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அப்படி வந்தபோதுதான், மூலையில் குவிந்து கிடந்த காலி ஸ்பிரே டின்கள் அவர் கண்ணில் பட்டன. துருப்பிடித்த நட்டை இளக்க ஒரு டின், பிசுக்கைக் கழுவ ஒரு டின் என்று அப்பா வாங்கிக்கொண்டே இருப்பார். அத்தை ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே மருந்து தளும்பியது. மருந்தை வெளியே தள்ளும் காற்று தீர்ந்துபோனதால் மருந்தோடு சேர்த்து டின்னைத் தூக்கிப் போடுகிறோம் என்று அப்பா விளக்கினார். அத்தைக்கு அது தாங்கவில்லை. பார்லரில் ஷாம்பு பாட்டிலைத் தலைகீழாக நிற்க வைத்துக் கடைசிச் சொட்டையும் எடுப்பவர் அவர்.

அடுத்த செவ்வாய் ஒரு பை நிறைய பாட்டில்களோடு வந்தார். வாடிக்கையாளர்களின் தலைமுடியில் தண்ணீர் தெளிக்க வைத்திருக்கும், விசையை அழுத்தினால் பூப்போலத் தூவும் பாட்டில்கள். கூடவே ஒரு பெரிய கேனில் நட்டை இளக்கும் ஆயில், இன்னொன்றில் பிசுக்கைக் கழுவும் தின்னர். நாலைந்து டின் வாங்கும் காசுக்கு ஒரு கேனே வந்துவிட்டது, தீரத்தீர நிரப்பிக்கொள்ளலாம் என்றார். மோட்டாருக்கு முடிவெட்டப் போகிறாயா என்று கேட்டு அப்பா சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் அப்பாவின் சிரிப்புக்குப் பலன் கிடைத்தது. தின்னர் ஊற்றிய பாட்டில் இளகி, இடுப்பு ஒடிந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அப்பா அதை எறியவில்லை. மேசைமேல் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அத்தையிடமும் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை இந்த பாட்டிலில் ஊற்றுவோமா, அது வருகிற பாட்டிலே வேறல்லவா, இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். தோற்றுப்போனவர் பேசுகிற குரல் இல்லை அது. மறுவாரம் பால் நிறத்தில் கெட்டியான பாட்டில்களைக் கொண்டுவந்து, தின்னரை நிரப்பி, அடுத்த வாரம்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வாரம் முடிந்தும் அவை நேராகவே நின்றன. அப்பா அவற்றை எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தார்.

ஆயிலையும் அதே மாதிரி பாட்டில்களுக்கு மாற்றியாயிற்று. எது ஆயில், எது தின்னர் என்று தெரிய வேண்டுமே. அத்தை என் தலையிலிருந்த ரப்பர் பேண்டுகளைக் கழற்றிக்கொண்டார். ஆயிலுக்குப் பச்சை, தின்னருக்குச் சிவப்பு. பட்டறைக்கு மிச்சமான காசில் எனக்கு ரப்பர் பேண்டு வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லை.

அரையாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருவெள்ளறையிலிருந்து ஒரு அம்மா வேன் பிடித்துப் பம்பைக் கொண்டுவந்து இறக்கினார். ஷாஃப்ட் இறுகிப்போய்ச் சுற்றவே இல்லை.

“வெங்காயம் வாடிக்கிட்டு நிக்குதுங்க. இன்னைக்கே ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க” என்றார்.

அப்பா உடனே வேலையில் இறங்கினார். நட்டு அசையவில்லை. ஆயில் அடித்தார், ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கிப் பார்த்தார். அந்த அம்மா நின்ற இடத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தது அப்பாவின் அவசரத்தைக் கூட்டியது. பச்சை பேண்டு போட்ட பாட்டில் தீர்ந்ததும், பக்கத்தில் எந்த பேண்டும் இல்லாமல் நின்ற இன்னொன்றை எடுத்து நட்டு நனைய நனைய அடித்தார். பிறகு, சூடுகாட்டினால் விட்டுக்கொடுக்கும் என்று கேஸ் பர்னரை இழுத்து, சிலிண்டரைத் திறந்து, லைட்டரை எடுத்தார்.

அத்தை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மூக்கைத் தூக்கினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஓடவில்லை, கத்தவில்லை. சிலிண்டரை மூடி, அப்பாவின் கையிலிருந்த லைட்டரை வாங்கிக்கொண்டார்.

“தம்பி, நீ அடிச்சது தின்னர்.”

அப்பா தன் கையைப் பார்த்தார். சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. அத்தை என்னையும் அந்த அம்மாவையும் வெளியே போகச் சொன்னார். அப்பாவைச் சட்டையைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு கைகால் கழுவிவரச் சொன்னார். பட்டறையின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைத்தார். பின்னர் தரையில் கிடந்ததைக் குனிந்து எடுத்தார். என் சிவப்பு பேண்டு. தின்னர் பட்டுப்பட்டு ஊறி, புழுவைப் போல நெளிந்து அறுந்திருந்தது.

“ரப்பரைப் போட்டது என் தப்பு. இனிமே பாட்டில்மேலே பெயிண்ட்ல எழுதிடு. தின்னர் இருக்கிற பக்கம் நெருப்பு வரக் கூடாது” என்றார்.

அப்பா தலையாட்டினார். அப்பா இவ்வளவு சீக்கிரம் அத்தை சொன்னதற்குத் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

வாடை முழுக்கப் போகும்வரை எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். அத்தை அந்த அம்மாவிடம் வெங்காயத்துக்கு என்ன உரம் போடுகிறீர்கள் என்று விசாரித்து, அதிலும் இரண்டு யோசனை சொன்னார். பிறகு அப்பா உள்ளே போய், கேனிலிருந்து ஆயிலை நிரப்பி அடித்து, இந்தத் தடவை பொறுமையாக ஊறவிட்டார். நெருப்பில்லாமலே நட்டு ‘நறுக்’கென்று விட்டது. பொழுது சாய்வதற்குள் பம்பு வேனில் ஏறியது. போவதற்கு முன் அந்த அம்மா ஸ்பிரே பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்து, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் தயங்காமல், “எங்க அக்கா ஏற்பாடுங்க” என்றார்.

அத்தை கிளம்பத் தயாரானார். குழாயடியில் முகம் கழுவினார். துடைத்துக்கொண்டு, திரும்பவும் போய்க் கழுவினார். பார்லர் வைத்திருப்பவர்கள் அப்படித்தான் கழுவுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்தவர் சாவியைத் துவாரத்தின் மேலேயே தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

“நீ போடு பார்ப்போம்.”

அந்த ஸ்கூட்டரின் கண்ணாடியைக்கூட என்னைத் தொடவிட்டதில்லை அவர். சாவியை வாங்கினேன். அத்தையின் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. சாவியைப் போட்டுத் திருப்பினேன், விளக்கு எரிந்தது. அத்தை என் கன்னத்தைத் தட்டிவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாக ஸ்ரீரங்கம் பக்கம் போனார். எனக்கு வண்டியைப் பழக்கத் தொடங்கிவிட்டார் என்று அந்த வாரம் முழுக்கத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.