அம்மன் இல்லை, சந்திரமதி

போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டுத் தமிழர்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவர்கள் கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்துவிட்டார்கள். மாரியம்மன் வந்தாளா என்பதுதான் தெரியவில்லை. சந்துக் கோடியில் வேப்பங்கன்று நட்டு, மஞ்சள் துணி சுற்றி, வெள்ளிக்கிழமைதோறும் கும்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் மேலும் சாமி இறங்கவில்லை. ஊரில் உடுக்கைச் சத்தம் கேட்டாலே எகிறிக் குதித்தவர்களெல்லாம் இங்கே கல் மாதிரி நின்றார்கள்.

"அரே பாய், ஆத்தா மெயின்லேண்டுலயே நின்னுட்டா. இத்தனை தண்ணியத் தாண்டி எப்படி வருவா?" என்று டீக்கடை ஜம்புலிங்கம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அங்கலாய்ப்பார். கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கோயில் இன்னும் கட்டவில்லை, கமிட்டி மட்டும் இருந்தது.

இந்தக் குறைக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டவள் சந்திரமதி, ஜம்புலிங்கத்தின் தம்பி பெண்டாட்டி. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, தாலியறுத்தது எல்லாம் பர்மாவில், மோல்மேனில். புருஷன் காய்ச்சலில் போனான். அவன் வைத்திருந்த துணிக்கடையைப் பர்மா சர்க்கார் எடுத்துக்கொண்டது. அகதிக் கப்பலில் மதராஸ் வந்து முகாமில் கிடந்தவளை ஜம்புலிங்கம்தான் போர்ட் பிளேருக்கு வரவழைத்தார். பாசம் இல்லாமலில்லை. கடையில் வடை சுடவும் ஆள் இல்லை.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, சாயங்கால டீக்குக் கூட்டம் சேர்வதற்குள் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். மற்றவர்கள் அந்த நேரத்தில் கட்டையைச் சாய்ப்பார்கள். சந்திரமதி கடைக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வாள். புருஷன் செத்த வருஷம் அடுத்த வீட்டு பர்மாக்காரி அவளை ஒரு தியான மடத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். அங்கே மந்திரம் கிடையாது, மணியாட்டுவது கிடையாது. மூக்கு நுனியில் மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதைப் பார் என்றார்கள். மனசு ஓடிப்போனால் ஓடிப்போனது என்று தெரிந்துகொண்டு திரும்பி வா என்றார்கள். இதற்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலையும் பார் என்றார்கள்.

பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது இருந்தது, பிறகு இல்லை. துக்கமும் அப்படித்தான் வந்து வந்து போனது. அதற்காக அவள் சாந்த சொரூபியாகிவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. தியானம் பண்ணுகிறவர்களுக்குக் கோபமே வராது என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். சந்திரமதிக்கு நன்றாகவே கோபம் வரும். வந்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடை, வீடு, ஊர், புருஷன் என்று எல்லாம் கைவிட்டுப் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த உட்காரல் ஒன்றுதான். அதற்கும் வந்தது வினை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜம்புலிங்கம் விறகு எடுக்கக் கொட்டகைக்குள் போனார். தம்பி பெண்டாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் புறங்கை மேல் சிவப்பெறும்பு சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் இமைகூட ஆடவில்லை. ஜம்புலிங்கம் விறகைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

"ஆத்தா வந்துட்டா! கடலைத் தாண்டி வந்துட்டா!"

சந்திரமதி கண்ணைத் திறந்தபோது எதிரே கற்பூரம் எரிந்தது. பாதி ஜங்லிகாட் காலடியில் கிடந்தது. "என் மேல ஆரும் வரல. நான் மூச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "சாமி வந்தவுக என்னைக்கு ஒத்துக்கிட்டாக?" என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது கதை. அவள் மறுக்க மறுக்க அது பலப்பட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவளை மணவறைப் பக்கமே வராதே என்று சொன்ன அதே பெண்கள் இப்போது அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாலியறுத்த சந்திரமதியாக இருந்தால் தள்ளி நிற்க வேண்டும், அம்மனாக இருந்தால் நடுவில் உட்காரலாம். சந்திரமதியாகவே நடுவில் உட்கார முடியாதா?

அடுத்த வெள்ளிக்கிழமை நீலாவதி என்பவளைக் கொட்டகைக்குக் கூட்டி வந்தார்கள். அவள் புருஷன் டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போய், அன்றைக்கு அடித்த புயலோடு திரும்பாதவன். அவள் அழவில்லை, சந்திரமதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடுக்கை அடித்தது. ஜம்புலிங்கம் குனிந்து காதோடு சொன்னார்.

"வருவான்னு ஒரு வார்த்தை சொல்லுத்தா. வந்தா ஆத்தா மகிமை. வரலேன்னா நேர்த்திக்கடன்ல கொறைன்னு சொல்லிக்குவோம். கோயிலு எந்திரிச்சிரும்."

சந்திரமதிக்கு மூச்சு முட்டியது. அது முட்டுவதும் தெரிந்தது. சொல்லிவிட்டால் இந்தக் கூரை உண்டு, சோறு உண்டு, சாகும்வரை மரியாதை உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவள் மட்டும் அந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் கடற்கரையில் காய வேண்டும்.

எழுந்து நின்றாள். உடுக்கை தானாக நின்றது.

"எனக்குத் தெரியாது தாயி. வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. இங்க ஆருக்கும் தெரியாது. நான் அம்மன் இல்ல, சந்திரமதி."

கூட்டம் கொதித்தது. கிடைத்த சாமியைப் பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஜம்புலிங்கத்துக்கு அவமானத்தில் முகம் கறுத்துப்போயிற்று.

"இந்தக் கொட்டாய்ல ஆத்தாவா ஒக்காருறதுன்னா ஒக்காரு. இல்லேன்னா எடத்தக் காலி பண்ணு. அதென்ன பர்மாக்காரன் வித்தை? கண்ண மூடிக்கிட்டு மூச்சப் பாக்குறாளாம்!"

"பெரியத்தான், நீங்க போட்ட சோத்துக்கு ஒழைச்சுட்டேன். பொய்யும் சேத்துச் சுடச் சொன்னா என்னால ஆகாது" என்றாள் சந்திரமதி. சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். காலில் மஞ்சள் தண்ணீர் காயாமலே தெருவில் இறங்கி நடந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. பயமாகத்தான் இருந்தது.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. நீலாவதி.

"எல்லாரும் வருவாரு வருவாருன்னே சொல்றாங்க அக்கா. கேக்கக் கேக்க எனக்குப் பைத்தியம் புடிக்குது. நீங்க ஒருத்திதான் நெசத்தச் சொன்னீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "என் வீட்டுல எடம் இருக்கு. வாங்க."

சந்திரமதி போனாள். பகலில் இருவரும் மீன் காயப்போட்டு விற்றார்கள். மத்தியானத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே சாக்கு விரிந்தது. கொஞ்ச நாளில் நீலாவதியும் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டாள். முதலில் அவளால் கண்ணை மூடவே முடியவில்லை, மூடினால் கடல் வந்தது. "வந்தா வரட்டும், வந்துருக்குன்னு பாரு" என்றாள் சந்திரமதி. பல நாள் நீலாவதி உட்கார்ந்தபடியே அழுதாள். அழுதுவிட்டு மறுபடி முதுகை நிமிர்த்தினாள்.

வருஷம் ஒன்று திரும்பியது. இனிமேல் நீலாவதியின் புருஷன் வரப்போவதில்லை என்று கமிட்டி முடிவு கட்டியது. வருவான் வருவான் என்று சத்தியம் பண்ணியவர்களே இப்போது நீலாவதியின் வளையலை உடைத்துச் சடங்கை முடிக்க வந்து நின்றார்கள். ஜம்புலிங்கம் முன்னால் நின்றார். அது மத்தியான நேரம். இரண்டு பெண்களும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீலாவதி, எந்திரித்தா. செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்" என்றார் ஜம்புலிங்கம்.

சந்திரமதி கண்ணைத் திறந்து, வாசலை மறிக்க எழப்போனாள். நீலாவதி அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். வளையல்கள் குலுங்கின.

"அவரு இருக்காரா இல்லையான்னு நீங்க யாரும் பாக்கல. இந்தக் கை என்னோடது, வளையலும் என்னோடது" என்றாள் நீலாவதி. சொல்லிவிட்டுக் கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். மூடியபடியே சொன்னாள்.

"போயிட்டு வாங்க. நாங்க ஒக்காந்திருக்கோம்."