மூன்று ஷிப்ட் முள்ளங்கி

எங்கள் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். செல்வியைக் கண் திறந்த நிலையில் பார்த்து இரண்டு வாரமாகிறது. நான் விடியுமுன் ஏ ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவள் தூங்குவாள். நான் திரும்பும்போது பி ஷிப்டுக்குப் போயிருப்பாள். சி ஷிப்ட் நூர்ஜகான் பகலெல்லாம் போர்வைக்குள் தூங்குவாள்; இரவு நான் தூங்கியபின் அவள் கிளம்பிப் போனதைக் கொடியில் காயும் ஈரத்துண்டு சொல்லும். வார விடுமுறையும் ஆளுக்கொரு கிழமை. இது வேறு நாடு என்று நான் சொன்னதற்கு, தென்காசிப் பக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிக்கு ஒரு இரவுப் பயணம்தான், பாஸ்போர்ட்டா வேண்டும் என்று ஊரில் சிரித்தார்கள். ஒரே அறையில் இருப்பவளுக்குச் சீட்டு எழுதி வைத்துப் பேசும் நாடு இது.

அப்படியொரு சீட்டில்தான் வினை தொடங்கியது. மொட்டைமாடியில் எங்கள் அறைக்கு வெளியே பன்னிரண்டு பெயின்ட் வாளிகளில் முள்ளங்கி விதைத்தேன். வீடியோ பார்த்த வேகம். ஈரம் குறைந்தால் கிழங்கில் காரம் ஏறும் என்று படித்ததும், ‘வேலை முடிந்து வருபவர் தண்ணீர் ஊற்றவும்’ என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். கம்பெனி லைனில் ஒட்டும் எல்லாச் சீட்டும் அப்படித்தான், யார் பெயரும் இருக்காது.

ஒரு நாள் மூன்று மணிக்கு நான் படியேறும்போது, கீழே குடியிருக்கும் வீட்டுக்கார ஸ்டெல்லா ஆன்ட்டி வழிமறித்தார்.

“இன்னாமா, என் வூட்டு மேல ஏரி வெட்டிகினு கீறீங்களா? ஹால்ல சொட்டுது.”

“ஒரு நேரந்தான ஆன்ட்டி ஊத்துதோம்.”

“பொய் சொல்லாத. காலைல ஒருத்தி தூங்கி வழிஞ்சுகினே ஊத்தறா. இப்போ நீ. ராத்திரி அந்தக் கண்ணாடிக்காரி. நான் பாத்துகினுதான கீறேன்?”

அப்போதுதான் உறைத்தது. ஒரு நாளில் மூன்று முறை வேலை முடிகிறது. எங்கள் மூவரையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் ஸ்டெல்லா ஆன்ட்டிதான்.

“நாளைக்கு மூணு பேரும் ஒண்ணா வந்து நில்லுங்க. இல்லாட்டி ரூம காலி பண்ணுங்க.”

அவர் சொன்னால் செய்வார். ஒரகடத்தில் முன்பிருந்த வீட்டுக்காரர் சொல்லி ஒரே நாளில் அறையைக் காலி செய்திருக்கிறோம். அடுத்த அறைக்குத் தெருத்தெருவாக அலைந்தோம். ‘நைட் ஷிப்டா?’ என்று கேட்ட கையோடு கதவைச் சாத்தியவர்கள் எத்தனை பேர். இந்த ஒரு வீட்டில்தான் சாத்தவில்லை.

மற்ற இருவருக்கும் சீட்டு எழுதி வைத்துவிட்டு, மறுநாள் மதியமே கிளம்ப லைனில் பர்மிஷன் சீட்டு வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் யோசிக்காமல் ‘குடும்பம்’ என்று எழுதிவிட்டேன்.

“ஊர்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?” என்றார் சூப்பர்வைசர்.

“இல்ல சார். ரூம்ல ஒரு பிரச்சன.”

“ரூம் எப்பம்மா குடும்பமாச்சு?” கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஷேர் ஆட்டோ ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் நின்றபோது போனில் மணி பார்த்தேன். ஒரு மணிக்குச் செல்வியின் கம்பெனி பஸ். அது போய்விட்டால் நாங்கள் இரண்டு பேர்தான். ஓடி வந்து சேர்ந்தேன். செல்வி யூனிபார்மில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கலைந்த நூர்ஜகான் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஆன்ட்டி ஒவ்வொருவராகப் பார்த்தார். “யாரு ஊத்துனது?”

“நான்” என்றோம் மூவரும்.

நூர்ஜகான் திரும்பி என்னைப் பார்த்தாள். “நீ மறந்திருப்பேன்னுல நான் ஊத்துனேன்.”

ஆன்ட்டி மேலே வந்தார். ஒரு வாளியில் விரலை விட்டார், சேறு. ஒரு செடியைப் பிடுங்கினார். இலை முழங்கை நீளம், கிழங்கு சுண்டுவிரல் அளவு, நுனி அழுகல்.

“கம்பெனில மிஷின் ஓட்டறீங்க. ஒரு வாளிக்குத் தண்ணி ஊத்தத் தெரியல.” வாளிகளைச் சுவரோரம் நகர்த்தச் சொன்னார். “இனிமே நான் ஊத்தறேன். ஒருத்தியும் கைய வெக்காதீங்க.”

அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையில் ஹாரன் கேட்டது. செல்வி படியில் ஓடினாள்.

இப்போதெல்லாம் வந்ததும் வாளிகளைப் பார்ப்பதோடு சரி. நேற்று போனில் அம்மா கேட்டாள், “ஏட்டி, முள்ளங்கி எப்ப பிடுங்குவ?”

“இரும்மா, கேட்டுச் சொல்லுதேன்.”

“நட்டவ நீதான? யார்ட்டக் கேக்கப் போற?”

பாதிப் படியில் நின்று, கீழே எட்டிப் பார்த்து, “ஆன்ட்டி” என்று கூப்பிட்டேன்.