ஏழாம் வளைவின் கைப்பிடிச் சுவர்

போடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. ராசிங்காபுரத்திலிருந்து வந்த வண்டிக்காரர், "அண்ணே, ஒங்க ஓவர்சியரு போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கல" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறையக் கூட்டம். மாலையோடு நின்றவர்களில் பாதிப் பேர், கான்ட்ராக்டரிடம் காசு வாங்கிக்கொண்டு மலைச்சாலைச் சுவரின் திறப்பை அடைத்தவர் என்று வாய் கூசாமல் பேசியவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

வேலுச்சாமி ஓவர்சியர் இருந்த ஆபீசில் நான் குமாஸ்தா. ஒருமுறை பழைய அரண்மனை மாடியில் ஒழுகல் பார்க்கப் போனோம். கைப்பிடிச் சுவரிலிருந்த சாய்வான துளைகளுக்குள் விரலை விட்டுக் காட்டினார். "இது ஆளு விழாம இருக்கக் கட்டுனது இல்லய்யா. மறைஞ்சு நின்னு சுடுறதுக்குக் கட்டுனது. சண்டை ஓஞ்ச பெறகு இதே சொவத்துல சேலை காயப்போட்டாக. கோட்டையில சொவரு எதிரிக்கு, வீட்டுல புள்ளைக்கு, மலையில தண்ணிக்கு. யாருக்குக் கட்டுறோம்னு தெரியாமக் கட்டக் கூடாது."

அதனால் மலைச்சாலையில் அவர் சுவரை ஒரே நீளமாகக் கட்டமாட்டார். கொஞ்சம் சுவர், பிறகு ஒரு திறப்பு, மறுபடி சுவர். மழைத்தண்ணீர் சாலையில் தேங்காமல் அந்தத் திறப்பு வழியாகப் பள்ளத்தில் இறங்கிவிடும்.

ஏழாம் வளைவில் அப்படி ஒரு திறப்பு வழியாகத்தான், மூடுபனியில் ஏலக்காய் லோடு ஏற்றி வந்த லாரி பள்ளத்தில் பாய்ந்தது. ஓட்டியவர் ஓவர்சியரின் தங்கை சின்னத்தாயியின் கணவர். பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு சின்னத்தாயி ஆபீசுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, அங்கன சொவரு இருந்திருந்தா எம் புருசன் முட்டியாச்சும் நின்னுருப்பாருல்ல? அதை அடைச்சு விடுண்ணே. இன்னொருத்தி தாலி அறுக்க வேணாம்."

"முடியாது தாயி. தண்ணி போகணும்" என்றார். அதன்பிறகு அண்ணன் வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஊராரும் மனுப் போட்டார்கள். மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, "நீர் சொல்றபடிதான். என்ன செய்யலாம்?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஓவர்சியர், "அடைச்சிரலாம் சார்" என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ மொகத்தைப் பாக்க முடியலய்யா. ஆனா அவளுக்காக அடைச்சேன்னு அவளுக்குத் தெரியவே கூடாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ தாங்கமாட்டா. மேல இருந்து உத்தரவுன்னு சொல்லிரு."

சுவரின் அடியில் தண்ணீர் போக இரண்டு குழாய் பதித்தார். ஐப்பசி மழையில் சருகும் மண்ணும் வந்து குழாய்களை அடைத்துக்கொண்டன. தேங்கிய தண்ணீர் சாலையின் விளிம்பை அரித்து, சுவரைக் கீழே தள்ளிவிட்டது. கீழே தோட்டக் கூலிகளின் குடிசைகள். ஒரு தாயும் அவளுடைய கைக்குழந்தையும் செத்துப்போனார்கள்.

நாங்கள் போனபோது அவள் புருஷன் மழையில் நின்றிருந்தான். திட்டவில்லை, அழவுமில்லை. ஓவர்சியரைக் கும்பிட்டு, "நல்ல சொவருங்கய்யா. ஒரு கல்லு பேந்து வரல. முழுசா வந்து உக்காந்துருச்சு" என்றான். ஓவர்சியர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

விசாரணையில், "தெரிஞ்சேதான் அடைச்சேன்" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பழியை மழை மேல் போட்டு முடித்துவிட்டார்கள். அவர் வேலையை விட்டார். ஊர் காசுக் கதையைக் கட்டியது. மறுக்கப் போனால் தங்கையின் பெயர் வந்துவிடும் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. நான் கோபப்பட்டபோதெல்லாம், "பேசிட்டுப் போறாக, விடுய்யா" என்பார்.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது சின்னத்தாயி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணன் காசு வாங்குற ஆளில்லன்னு எனக்குத் தெரியும். கூட இருந்தவுக நீங்க. உண்மையச் சொல்லுங்க, அடைக்கச் சொன்னது யாரு?"

"மேல இருந்து வந்த உத்தரவு தாயி."

"நான் கேட்டதுக்காக இல்லல்ல?"

"இல்லம்மா."

அவள் ஓடிப்போய் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவர் ஒரு காசும் வாங்கவில்லை. மாலை போட்டவர்களே, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய்தான். என் காலம் உள்ளவரை அதை நான் காப்பேன். சின்னத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தயவுசெய்து யாரும் இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.