அவர் பெயரில் நான் எழுதிய கடிதங்கள்

சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் முக்கூடல் ரைஸ்மில் பரமசிவம். காலையில் போன் வந்தது. "சங்கரலிங்கம் போயிட்டாருவே. நெஞ்சுவலியாம்" என்றார். பிறகு, "நல்ல மனுசன்தான். என்ன, கடைசியில நம்மகிட்ட ரெட்டை வேசம் போட்டுட்டாரு" என்றார். நான் "ஆமா" என்றேன். அந்த வாயோடுதான் மத்தியானம் மாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவரோடு பழகிய எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அவர் ரெட்டை வேடம் போடவில்லை. போட்டது நான்.

நெல்லை ஜங்ஷனில் ரைஸ்மில்களுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் இருவரும் வேலையில் இருந்தோம். அண்ணாச்சி விற்பனை பார்த்தார். எதிர் மேஜையில் நான் கம்ப்யூட்டரும் ஸ்டாக்கும் பார்த்தேன். ஆற்றோரத்து மில்காரர்கள் விலை கேட்டு மெயில் அனுப்பினால், ஒற்றை விரலால் தட்டித் தட்டி அரை மணி நேரம் பதில் எழுதுவார். வீட்டில் யாருக்குப் பிரசவம், யாருக்குச் சர்க்கரை, பரமசிவத்தின் அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் ரப்பர் ரோல் விலை வரும். "விலையக் கேட்டா வைத்தியம் பாக்கீகளே அண்ணாச்சி" என்று கேலி செய்வேன். "ரோலு எல்லாவனும்தான் விக்கான்வே. வீட்டு நெலவரம் கேக்க ஒரு ஆளு வேணும்லா" என்பார்.

இருபத்திரண்டு வருடம் உழைத்துவிட்டு, பேட்டையில் சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்று விலகினார். அவருக்கு வேறு மெயில் கிடையாது. மஸ்கட்டில் இருந்த மகள்கூட ஆபீஸ் முகவரிக்குத்தான் எழுதுவாள். கடைசி நாள் சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார். "அந்த மெயிலை மூடிருவீரா வே? மக எழுதுன கடுதாசியெல்லாம் அதுலதான் கெடக்கு" என்றார். "இன்னைக்கே மூடிருதேன் அண்ணாச்சி" என்று சொன்னேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "பேரு அவருது, மெயிலு கம்பெனிது. வாரதுக்கெல்லாம் நீரே அவரு பேர்ல பதிலப் போடும். அவரு போனது மில்காரங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். எனக்கு அந்த நடை நன்றாகவே வந்தது, அதில் ஒரு பெருமைகூட இருந்தது. யார் வீட்டில் என்ன நோய் என்று தெரிந்துகொள்ள அவருடைய பழைய கடிதங்களை எல்லாம் படித்தேன். தேவையே இல்லாத மகளின் கடிதங்களையும் படித்தேன். தகப்பனுக்கு மட்டும் எழுதியவை அவை. சீ, என்ன பிழைப்பு! இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், தகப்பன் காரியத்துக்கு வந்திருந்த அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எட்டு மாதம் எழுதினேன். அதே எட்டு மாதமும் அண்ணாச்சி, கம்பெனியை விட்டுவிட்டேன், தனிக்கடை போட்டிருக்கிறேன் என்று மில் மில்லாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்துதானய்யா கம்பெனியிலருந்து எங்கம்மா முழங்காலக் கேட்டு எழுதுனீரு? யாருட்ட கத விடுதீரு?" என்று பரமசிவம் முகத்துக்கு நேரே கேட்டாராம். கம்பெனியிலும் இருந்துகொண்டு தனியாகவும் விற்கிறார் என்றே மற்றவர்களும் நினைத்து, அவரிடம் வாங்கவில்லை. ஒரு வருடத்துக்குள் கடையை மூடினார்.

அதற்குக் கொஞ்சம் முன்பு என்னை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "என் பேர்ல எவனோ எழுதுதான்வே. உமக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாதே அண்ணாச்சி. அன்னைக்கே மூடியாச்சே" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, டீயக் குடியும், ஆறுது" என்றார்.

பத்து நாள் கழித்து அந்தப் பழைய முகவரிக்கே ஒரு மெயில் வந்தது. தன் கடைக்காக ஆரம்பித்த புது முகவரியிலிருந்து அனுப்பியவர் அவர்தான். "இதைப் படிக்கிறவருக்கு. பரமசிவத்தின் அம்மா செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார்கள். துட்டி கேட்கப் போயிருந்தேன், அவர் என்னிடம் பேசவில்லை. அடுத்த கடிதத்தில் பழக்கத்தில் முழங்காலைக் கேட்டு எழுதிவிடாதீர்கள், அவர் மனசு தாங்காது." இவ்வளவுதான். என் பெயர் இல்லை, ஒரு ஏச்சுப்பேச்சு இல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சியைத் தூக்கிக்கொண்டு போனபின் பரமசிவம் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன இருந்தாலும் எங்கம்மா போனப்ப அவரு எழுதுன கடுதாசிய இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்வே. துட்டிக்கு வந்த மனுசன்ட்ட மொகங்குடுத்துப் பேசாமப் போயிட்டேனே" என்று கண்ணைத் துடைத்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பரமசிவம் அண்ணாச்சி, அவர் எழுதியது என்னிடம் இருக்கிற அந்த நான்கு வரிதான். அச்செடுத்து வைத்திருக்கிறேன், நீங்கள் வந்து பார்க்கலாம். உங்களிடம் இருப்பது நான் எழுதியது. அவர் சொல்லித்தான் உங்கள் அம்மா போனது எனக்குத் தெரியும். உட்கார்ந்து உருக்கமாக எழுதினேன். எழுதி முடித்து, கீழே அவர் பெயரையே போட்டேன்.