மாப்பிள்ளையின் ஃபோல்டர்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைத் 'துடைப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சர்வரில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பழைய ஃபைல்களைக் கூட்டித் தள்ளுவது அவள் வேலை. பட்டப்பெயரில் அவளுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் முதலாளியின் மருமகன் மேல்தான். எல்லோருக்கும் அவன் 'மாப்பிள்ளை'. முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'.

கோபம் வராமல் என்ன செய்யும்? மின்விசிறிச் சத்தம், தெருச் சத்தம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பேசுகிற குரலை மட்டும் மிச்சம் வைக்கும் புரோகிராம் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் "இது முடியட்டும்மா" என்று தட்டிக்கழித்து எழுதியது. நாளைக்கு அதை வெளியூர்க் கம்பெனிக்காரர்களிடம் தன்னுடையது என்று காட்டப்போகிறான் அந்த மகானுபாவன். போய்க் கேட்டாள்.

"இங்க உக்காந்து எழுதினதுதானே? உனக்கென்ன வந்துச்சு? பெருக்கற வேலைய மட்டும் பாரு" என்றான்.

முதலாளியோ, "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

'பெருக்கத்தானே சொன்னே? இரு, பெருக்கறேன்' என்று கறுவிக்கொண்டே சாயங்காலம் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் ஃபோல்டரின் பேக்கப்பை முதலில் ஒழித்தாள். பிறகு, தினமும் ஓட்டுகிற தன் துடைப்பு புரோகிராமை அந்த ஃபோல்டர் மேலேயே ஏவிவிட்டாள்.

அது செய்வது இவ்வளவுதான். ஃபைல் கண்ணில் பட்டால் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் 'அன்லிங்க்' என்று சொல்லும், ஃபைல் போய்விடும். ஃபோல்டர் என்றால் உள்ளே புகுந்து காலி செய்துவிட்டு 'ஆர்எம்டிர்' என்று சொல்லும். காலி ஃபோல்டரும் போய்விடும். நாளைய கூட்டத்துக்கு அவன் செய்து வைத்திருந்த படங்கள் போயின. அவன் பெயர் போட்ட அறிக்கை போயிற்று. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. "ஒழிஞ்சு போ!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்போதுதான், காலி செய்த ஒரு ஃபோல்டரை ஒழிக்கப்போன இடத்தில், திரையில் ஒரு வரி வந்து நின்றது. 'இது ஃபோல்டர் இல்லை.'

ஃபோல்டர் இல்லையென்றால் வேறென்ன? திறந்து பார்த்தவளுக்குத் திக்கென்றது. அது வெறும் இணைப்பு. அவளுடைய சொந்த ஃபோல்டரைக் கைகாட்டி நின்றது. அந்தச் சோம்பேறி திருடும்போதுகூட நகல் எடுக்கவில்லை! உள்ளே நுழையுமுன் 'நீ இணைப்பா?' என்று ஒரு கேள்வி கேட்கும்படி அவள் தன் துடைப்பை எழுதியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் தேவைப்படாததால் எழுதவில்லை. அது இணைப்பின் வழியே நுழைந்து அவள் புரோகிராமைச் சுத்தமாக வழித்துவிட்டது. 'இடத்த அடைக்குது' என்று அவள் ஃபோல்டரைப் பேக்கப்பிலிருந்து மாப்பிள்ளை எப்போதோ எடுத்துவிட்டிருந்தான்.

"அடிப்பாவி, உன் தலையில நீயே மண்ணப் போட்டுக்கிட்டியேடி" என்று முனகினாள்.

ஆனால் உயிர் இன்னும் போகவில்லை. அன்லிங்க் அழிப்பது பெயரை மட்டும்தான். அழித்த புரோகிராம் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், அது நிற்கும்வரை உள்ளே இருப்பதை சிஸ்டம் தொடாது. நாளைக்காக ஒத்திகை பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை அவளுடைய குரல் புரோகிராமைத் தன் அறையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். நிற்பதற்குள் உருவி எடுத்துவிடலாம்.

எடுத்து எங்கே வைப்பது? இதே சர்வரில்தான், அவன் கண்ணுக்கு எட்டாத மூலை அதில் கிடையாது. வெளியே ஒரு ஃபைல்கூடப் போகாதபடி எல்லா வழியையும் அடைத்திருந்தார்கள். அடைத்துக் கொடுத்தவளே அவள்தான். காப்பாற்றினால், நாளைக்கு அவன் கைக்குத்தான் போகும்.

"துடைப்பம்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நான் கெளம்பறேன். இது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கே, நிறுத்திடவா? காலைல மறுபடி ஓட்டிக்கலாம்ல?"

ஒரு நிமிஷம் பொறுங்கள் என்றால் போதும், பொறுப்பான்.

"நிறுத்திடுங்க சார்" என்றாள்.

சர்வரில் காலி இடம் கொஞ்சம் கூடியதைத் திரை காட்டியது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நாளைக்கு என்னச் சீக்கிரம் எழுப்பிவிடு. ஒருத்தன் முழிக்கறதப் பாக்கணும்."