அடுத்தவன் தலைநகரில் ஒரு பொங்கல்

எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சிதம்பரத்தில் குழாயில் தண்ணீர் வராத நாளில் மட்டும் உயிர்பெற வேண்டிய குழு. ஆனால் அது பூப்போட்ட காலை வணக்கங்களால் நாள் முழுக்க என் போனை ரொப்பிக்கொண்டிருக்கிறது. நேற்று அதில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. 'நீண்ட விடுமுறையா? தலைநகர் புதுச்சேரியில் தவறவிடக் கூடாத பத்து!'

முதலாவது, மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது. சுவர் பார்ப்பதற்காக நான் இதுவரை பஸ் ஏறியதில்லை. இரண்டாவது, கடித்தால் பல்லையும் சட்டையையும் ஒருசேரப் பதம் பார்க்கும் ஒரு ரொட்டியைத் தின்பது. மூன்றாவது, சைக்கிள் வாடகைக்கு எடுத்து மிதிப்பது. பள்ளிக்கூடக் காலம் பூராவும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து நெஞ்சு வாங்கியவனிடம் போய் இதைச் சொல்கிறார்கள். நாலாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். பட்டியலுக்குக் கீழே தெருவே திரண்டு 'சூப்பர்' போட்டிருந்தது.

கடலூர்க்காரனுக்குப் பாண்டியில் என்ன செய்வது என்று பாடம் எடுக்கிறார்கள், பாருங்கள்!

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பம். பாடப் புத்தகப்படி எங்கள் தலைநகரம் சென்னை. ஆனால் அங்கே போவதென்றால் விடிவதற்கு முன் கிளம்பி, திண்டிவனம் வருவதற்குள் கால் மரத்து, தாம்பரம் வருவதற்குள் வாழ்க்கை வெறுத்துவிடும். அடுத்தவன் தலைநகரமோ ஒரு குட்டித் தூக்கத் தொலைவில் இருந்தது. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாநிலம் மாறிவிடும். அதற்கு மைல்கல்லைப் பார்க்க வேண்டியதில்லை. சாலையின் இரண்டு பக்கமும் ஒயின் கடைகள் முளைக்கும், பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து வேட்டியை இறுக்குவார்கள்.

இந்தப் பெருமையால் எங்கள் பக்கத்து ஆண்கள் யாரும் 'பாண்டிக்குப் போறேன்' என்று வீட்டில் சொல்வதில்லை. 'ஒரு வேலையா வெளிய போறேன்' என்பார்கள். பெண்களை அங்கே கூட்டிப்போகும் வழக்கமே இல்லை. பஸ் ஏறுவதை யாராவது பார்த்துவிட்டால், 'பொம்பளைக்குப் பாண்டியில என்னா ஜோலி?' என்ற கேள்வி அவர்களுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

பொங்கல் நேரத்துப் பஸ்ஸுக்குப் பச்சை மஞ்சளும் கரும்புத் தோகையும் கலந்த ஒரு வாசனை உண்டு. அதை முகர்ந்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். காரணம், எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல்.

சேத்தியாத்தோப்பிலிருந்து என் மச்சான், அதாவது என் மனைவி சுமதியின் தம்பி, சீர் கொண்டு வந்திருந்தான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பித்தளைப் பானை எல்லாவற்றையும் இறக்கினான். பொங்கல் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டியவன், கிளம்பவில்லை. மறுநாள் எங்கள் பக்கம் மதுக்கடைகளுக்கு விடுமுறை. பாண்டியில் கிடையாது. என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, கடலூர்ல பொறந்துட்டு இப்டிக் கைய கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா எப்டி? ரெண்டே ரெண்டு பாட்டில். கூட்டாளிங்க கேக்கறாங்க."

"திரும்பி வரப்ப செக்போஸ்ட்ல புடிச்சான்னா?"

"அக்காவக் கூட்டிக்கிட்டுப் போ மாமா. புதுப்பொண்ணு மடியில இருக்கற பைய எந்த போலீசு தொறப்பான்?"

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சாராயம் கடத்திய கணக்கு வாத்தியார் என்று பேப்பரில் வந்தால் நிரந்தரமாவது வேறு ஏதாவதாக இருக்கும். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் புது மாப்பிள்ளை கெத்து என்று ஒன்று இருக்கிறதே, அது வாயைத் திறக்க விடவில்லை.

கொல்லைப்பக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சுமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் வர்றேன். ஆனா கடைக்குப் போய்ட்டு ஒடனே பஸ் ஏறக் கூடாது. பொழுது சாயுற வரைக்கும் எனக்கு ஊரச் சுத்திக் காட்டணும்."

"அதுக்கென்னா, காட்டிட்டாப் போச்சு" என்றேன்.

"ஊரு எனக்குப் புடிக்கலன்னு வச்சிக்குங்க, பை யாருதுன்னு செக்போஸ்ட்ல நானே சொல்லிடுவேன்."

மச்சான் கைதட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் விளையாடுகிறாளா, மெய்யாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பயிற்சி எனக்கு அப்போது இல்லை. இப்போதும் இல்லை.

மறுநாள் பாண்டியில் இறங்கி, போன வேலையை முடித்து, பாட்டில் இரண்டையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். "சரி, காட்டுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டாளிகளோடு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஆனால் அந்தத் தலைநகரில் எனக்குத் தெரிந்தது ஒரு தெரு. அதிலும் பாதி.

முதலில் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கரையெல்லாம் கருங்கல்.

"மணல் எங்க?"

"இங்க அப்டித்தான்."

"நம்ம தேவனாம்பட்டினத்துல எவ்ளோ மணல் கெடக்குது. இது ஒரு பீச்சா?"

அருங்காட்சியகத்துக்குப் போனோம். விடுமுறை, பூட்டியிருந்தது. பூங்காவுக்குப் போனோம். ஒவ்வொரு மரத்தடியிலும் காலையில் எங்களோடு பஸ்ஸில் வந்தவர்கள் மல்லாந்து கிடந்தார்கள். சுமதி வாட்ச்சைப் பார்த்தாள். செக்போஸ்ட்டில் அவள் கை என்னை நோக்கி நீளுவதும், தலைமையாசிரியர் பேப்பரை விரிப்பதும் மாறி மாறிக் கண்ணுக்குள் ஓடின. வழியில் போன ஒரு பெரியவரை மறித்தேன்.

"சார், இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்னா இருக்கு?"

"எந்த ஊரு நீங்க?"

"கடலூரு."

அவர் என் பையைப் பார்த்தார். "அதான் பாத்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு கதியில்லாமல் மறுபடியும் கடற்கரைச் சாலை. கொஞ்ச தூரம் நடந்ததும் சுமதி நின்றாள்.

"வந்ததுலேர்ந்து ஒருத்தரும் என்னை யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேக்கல, பாத்தீங்களா?"

சேத்தியாத்தோப்பு கடைத்தெருவுக்குப் போய் அவள் ஒரு சீப்பு வாங்கி வருவதற்குள் ஊர் அவளை எத்தனை தடவை விசாரிக்கும் என்பது எனக்குத் தெரியும். மஞ்சக்குப்பத்தில் 'பொண்ணு' போய் 'மருமவ' ஆகியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"நீங்க பின்னால வாங்க. கூட வராதீங்க. யாரோ மாதிரி வாங்க."

கையை வீசிக்கொண்டு நடந்தாள். ஒரு குச்சி ஐஸ் வாங்கினாள், அவளாகவே, என்னைக் கேட்காமல். கடலைப் பார்த்தபடி கட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். எழுந்து மறுபடி நடந்தாள். நான் யாரோ மாதிரி பின்னால் போனேன். பை மட்டும் ஒவ்வொரு அடிக்கும் கிளிங், கிளிங் என்று என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார்.

"யோவ், நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தப் பொண்ணு பின்னாடியே போறியே, என்னா?"

"என் சம்சாரம் சார்."

"மாட்டுறவன் எல்லாம் இதத்தான் சொல்றான். ஏம்மா, இந்த ஆளத் தெரியுமா?"

சுமதி திரும்பினாள். காலிலிருந்து தலைவரைக்கும் என்னைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். ஐஸை ஒரு வாய் சப்பினாள்.

"தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு."

என் உயிர் அந்தக் கருங்கல் இடுக்கில் விழுந்து நண்டோடு நண்டாகப் போய்விட்டது. பிறகுதான் அவள் சிரித்தாள். போலீஸ்காரரும் சிரித்தார். எனக்கு மட்டும் ஏனோ சிரிப்பு வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பை அவள் மடியில் இருந்தது. "ஊரு எப்டி, புடிச்சுதா?" என்று கேட்டுப் பார்த்தேன். "ம்" என்றாள். என்ன 'ம்' அது? நான் கணக்கு வாத்தியார். அந்த 'ம்'முக்கு எப்படிப் போட்டாலும் விடை வரவில்லை. அதற்குள் செக்போஸ்ட் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர் ஏறினார். ஒவ்வொரு இருக்கையாகத் தட்டிக்கொண்டே வந்து எங்களிடம் நின்றார்.

"பையில என்னாம்மா?"

"துணி சார்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். முடிந்தது. புத்தியுள்ளவன் இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

"ரெண்டுதான் சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

போலீஸ்காரர் திரும்பினார். "எது ரெண்டு?"

"துணி."

"எடு பாப்பம்."

இரண்டு துணிகளையும் அவர் சாலையோரக் கல்லில் அடித்து உடைத்தார். அந்த வாசனைக்குப் பஸ்ஸில் பல பேர் கண்ணை மூடி அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு ஜன்னல் வழியாகச் சுமதியிடம் கேட்டார்: "ஏம்மா, இந்தாள வச்சிக்கிட்டு எப்டிம்மா குடும்பம் பண்ற? போ, ரெண்டு பேரும் ஒழுங்கா வூடு போய்ச் சேருங்க."

பஸ்ஸே சிரித்தது. சுமதி கடலூர் வரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. அவள் 'துணி சார்' என்றாளே, அதுதான் அந்த ஊருக்கு அவள் போட்ட மார்க். மச்சான் பஸ் நிலையத்தில் காத்திருந்தான். வெறும் பையைப் பார்த்ததும் என்னோடு பேசாமல் அடுத்த வண்டியிலேயே ஊருக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போனோம். பாட்டில் இல்லை, சுற்றிப் பார்ப்பது இல்லை. அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னால் யாரோவாகப் போவேன். சிதம்பரத்துக்குக் குடிமாறி வந்த பிறகும் அது நிற்கவில்லை.

போன பொங்கலுக்கும் போனோம். கடற்கரைச் சாலையில் கால்வைக்க இடமில்லை. லால்பேட்டை ஜவுளிக்கடை பாய் குடும்பத்தோடு வந்திருந்தார். "என்னா தங்கச்சி, நீங்களுமா?" என்றார். சேத்தியாத்தோப்பில் அவளோடு படித்தவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கட்டிப்பிடித்தாள். எங்கள் தெருவின் பால்காரர், பழைய வீட்டுக்காரரின் மருமகள், என்னிடம் படித்த பையன்கள் என்று ஆளுக்கொரு செல்ஃபி. அடிக்கு ஒரு விசாரிப்பு.

சுமதி திரும்பி வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வாங்க, போலாம்."

"இப்பத்தானே வந்தோம்?"

"இங்க எல்லாரும் இருக்காங்க."