சாமி வராமலே ஆடுகிறார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு படம் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஓர் இளம்பெண், "பாப்பா, படம் எப்படி இருக்கு?" என்று மைக்கை என் மகளின் வாய்க்கு நேரே நீட்டினாள். என் மகளுக்கு ஆறு வயது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் தொடங்குவதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடம்வரை நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஓடினேன்.

"கொழந்த ரெண்டு வார்த்த சொன்னா என்ன இப்போ?" என்றார் கணவர். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அப்படி மைக் பிடித்தவள் என்று அவருக்குத் தெரியும். அந்த வேலை எப்படி முடிந்தது என்று தெரியாது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மைக்குக்கு ஒரு பஞ்சு உறை போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். எங்களுடையது சிவப்பு. வெற்றிலை, பாப்கார்ன், பீடி என்று தர்மபுரி ஜனங்களின் மூச்செல்லாம் அதில் குடியிருந்தது. துவைத்தாலும் போகாது. காலேஜ் முடித்து ஒரு வருஷம் வீட்டில் அடைந்து கிடந்த எனக்கு அந்த நாற்றம் விடுதலையின் வாசமாகத்தான் இருந்தது. அதியமான்கோட்டையில் எங்கள் வீடு. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது நெடுஞ்சாலை தெரியும். பெங்களூருக்கும் சேலத்துக்கும் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது. எனக்கு மொரப்பூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருந்தது.

அதைத் தள்ளிப்போடத்தான் வேலை தேடினேன். தர்மபுரியில் செல்போன் கடை ஒன்றின் மாடியில் ஒரு யூடியூப் சேனல் நடந்தது. ஜன்னல் இல்லாத அறை, ஒரு கம்ப்யூட்டர், சரவணன் என்கிற கேமராக்காரர், எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள் 'சார்' என்று கூப்பிட்ட முதலாளி. வெள்ளிக்கிழமைதோறும் தியேட்டர் வாசலில் நின்று ஜனங்களிடம் கருத்துக் கேட்பது என் வேலை. "வணக்கம் மக்களே!" என்று மூக்கால் ஒரு குரல் எடுத்துப் பேசுவேன். முதல் வீடியோவைப் பார்த்த அம்மா, "ஏன்டி, சளி புடிச்சிருக்குதா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பத்திரிகை வேலை என்று சொல்லச் சொன்னாள்.

ஒரு ஐப்பசி மாதம் அந்தப் படம் வந்தது. நகரத்துக்கு வெளியே, கைவிடப்பட்ட கிடங்கின் நிலவறையில் ரகசியமாகக் கூடி விடியும்வரை ஆடுகிற இளைஞர்களின் கதை. எந்த இடம் என்று கடைசி நேரத்தில்தான் போனில் தகவல் வரும். ரேவ் பார்ட்டி, போலீஸ் வளைத்தது என்று பேப்பரில் வருமே, அதுதான். படத்தில் மாத்திரையும் இருந்தது, போலீஸும் வந்தது. ஆனால் முக்கால்வாசி நேரம் வெறும் ஆட்டம்தான். கவர்ச்சியை எதிர்பார்த்து வந்தவர்கள் இடைவேளையிலேயே நொந்துபோயிருந்தார்கள்.

மேட்னி ஷோ முடிகிற நேரத்துக்குச் சரியான மழை பிடித்துக்கொண்டது. தியேட்டர் முன்னால் ரோடு முழங்கால் அளவு தண்ணீர். ஒரு ஆட்டோ இல்லை. முகப்புத் தகரத்தின் கீழே பதினைந்து பேர் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். வழக்கமாக மைக்கைக் கண்டால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். அன்றைக்கு நழுவ வழியில்லை. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ மில்லில் வேலை செய்கிற ஒருவர், "பாட்டாங்க அது? எங்க மில்லுல மெஷின் ஓட்டிவுட்டா இதே சத்தந்தான் வரும். அதுக்கு நாங்க ஆடிட்டா இருக்கறோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காலேஜ் பையன் ஒருவன் படம் வேற லெவல் என்று சொல்லிவிட்டு, எந்த லெவல் என்று கேட்டதும் விழித்தான். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் இளைய சமுதாயம் பற்றி நெடுநேரம் பேசினார். சரவணன் பாதியிலேயே கேமராவை அணைத்துவிட்டது அவருக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு பெரியவர்தான் நியாயமான கேள்வி கேட்டார். "எங்கூரு பண்டிகையில பம்பை அடிச்சா ஊரே ஆடும். இவனுங்க எதுக்குங்க பொந்துக்குள்ள போயி ஆடறானுங்க?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "உங்கூரு பண்டிகையில பொம்பளைங்க ஆடுவாங்களாங்க?"

முப்பது வயது இருக்கும். ஜவுளிக்கடைகளில் கட்டுகிற ஒரே மாதிரிச் சேலை, கையில் டிபன் டப்பா. தனியாக வந்திருந்தார். நான் மைக்கைத் திருப்பினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"எங்கூர்ல மாரியாயி பண்டிகையில ஆம்பளைங்க சும்மாவே ஆடலாம். நாங்க ஆடணும்னா சாமி வரணும். எனக்கெல்லாம் சாமி வந்ததே இல்லீங்க. வந்த மாதிரி நடிச்சுட்டு ரெண்டு தடவ ஆடியிருக்கறேன். இந்தப் படத்துல அந்தப் பொண்ணு சாமி வராமலே ஆடறா. யாரும் அவள ஏன்னு கேக்கல. அது எனக்குப் புடிச்சுதுங்க."

இன்னும் பேசினார். நான் இடைமறிக்கவில்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை.

முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பெயர் மகேஸ்வரி. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஊர். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. இவர் மாமியார் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் கடைக்கு வந்து போகிறார். அன்றைக்குக் கடை முதலாளி வீட்டில் துக்கம் என்று மதியமே கடையை அடைத்துவிட்டார்கள். வீட்டுக்குத் தெரியாமல் கிடைத்த மூன்று மணி நேரம்.

"இது எங்க வூட்ல பாப்பாங்களா?"

"இத்தன பேர் பேசறாங்க. உங்கள யாருக்கா கவனிக்கப் போறாங்க?" என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எடுத்ததில் அவர் பேச்சு ஒன்றுதான் கேட்கிற மாதிரி இருந்தது.

சாருக்கும் அது தெரிந்தது. அதில் நாலு வரியை மட்டும் நறுக்கி எடுத்தார். 'பொய்யாகச் சாமி ஆடினேன், உண்மையை உடைத்த ரேவ் பார்ட்டி அக்கா' என்று தலைப்பு வைத்தார். தட்டச்சு செய்தது நான். வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. அதன்மேல் கேலி இசை சேர்த்து வேறு பலர் பரப்பினார்கள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அதைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் மகேஸ்வரி எங்கள் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அத எடுத்துடுங்க சார். சாமிய ஏமாத்தினவள்னு ஊர்ல பேசறாங்க. எம் புருசன் நாளைக்கு வர்றாரு."

"ஓடிட்டு இருக்கறத யாராச்சும் எடுப்பாங்களாம்மா? வேணும்னா மொகத்த மறைச்சிடலாம்."

"மொகத்த மறைச்சா? கொரல என்ன பண்ணுவீங்க?"

சார் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். மகேஸ்வரி என் பக்கம் திரும்பினார். "ஒரு பொண்ணு கேக்குதேன்னுதாங்க பேசினேன்." நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போனால் அம்மா அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்துவிடுவாள். அவ்வளவுதான் என் மனதில் ஓடியது. அவர் படி இறங்குகிற சத்தம் கேட்டு முடிகிறவரை நான் தலை நிமிரவில்லை.

ஜன்னல் இல்லாத அறை என்று சொன்னேன் அல்லவா, அதுவரை அது எனக்கு உறைத்ததே இல்லை. அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து ஜவுளிக்கடைக்குப் போனேன். அவர் வேலைக்கு வருவதில்லை, வெளியே விடுவதில்லையாம் என்று கூட வேலை செய்கிற பெண் சொன்னாள். கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "பாக்கப் போனப்ப இங்க கன்னிப் போயிருந்துச்சுங்க," என்றாள்.

நேராக அறைக்கு வந்தேன். யாரும் இல்லை. தலைப்பு எழுதுகிறவள் என்பதால் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. சேனலிலிருந்து வீடியோவை அழித்தேன். அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த முழுப் பதிவையும் தேடி எடுத்து, குப்பைத் தொட்டிக்குள்ளும் போய், தடமே இல்லாமல் துடைத்தேன். ஏதோ பரிகாரம் செய்கிறவள்போல அவ்வளவு சுத்தமாகச் செய்தேன். சாயங்காலம் சார் கத்திய கத்தலில் கீழே செல்போன் கடைக்காரர் மேலே வந்துவிட்டார். அன்றோடு வேலை போயிற்று. தை மாதம் மொரப்பூரில் நிச்சயம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் சாக்கு விரித்து மகேஸ்வரி புளி தட்டிக்கொண்டிருந்தார். எதிரே மாமியார்.

"யாரு கண்ணு நீ?" என்றார் மாமியார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகேஸ்வரி, "கடையில எங்கூட இருந்த பொண்ணு அத்தை," என்றார். எனக்குச் சாக்கில் இடம் விட்டார். நானும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தட்டினேன். சத்தத்தில் பேச்சு மாமியாருக்குக் கேட்காது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"அழிச்சிட்டேன்க்கா," என்றேன் மெதுவாக.

"எப்போ?"

"கார்த்திகை மாசமே."

அவர் கை நிற்கவில்லை. "எல்லாத்துலயுமா?"

"எங்க சேனல்லயும், கம்ப்யூட்டர்லயும். முழுசா."

கொஞ்ச நேரம் கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"வாங்கறதெல்லாம் வாங்கியாச்சு. அப்பறம் எதுக்கு அழிச்சீங்க? நான் பேசினத நானே ஒருதடவ முழுசாக் கேக்கலியே. எல்லாரும் கேட்டாங்க." பிறகு, "ஒரு காப்பி கூட இல்லியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். மாமியார் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாளே சரவணனுக்குப் போன் செய்தேன். கேமரா கார்டில் இருந்ததன்மேல் அப்போதே அடுத்த வாரப் படத்தின் கருத்துகள் ஏறிவிட்டன என்றார். அடுத்த வருஷம் மகேஸ்வரி கணவரோடு பெங்களூருக்கே போய்விட்டதாகவும், பண்டிகைக்குக்கூட வருவதில்லை என்றும் சரவணன்தான் பிறகு விசாரித்துச் சொன்னார். சேனல் மூடிவிட்டது. தியேட்டரை இடித்து வண்டி ஷோரூம் கட்டிவிட்டார்கள். கேலி செய்து போட்டவர்களின் வீடியோக்களையாவது தேடிப் பார்த்தேன். யாராவது ஒருவன் வன்மத்துக்காகவாவது பத்திரமாக வைத்திருக்கமாட்டானா என்று வேண்டிக்கொண்டே தேடினேன். ஒன்றும் இல்லை.

மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசினார் அன்றைக்கு. அவருக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில் நின்று முழுதும் கேட்டவள் நான். உங்களுக்கு இங்கே எழுதிக் காட்டியது சார் நறுக்கியெடுத்த அந்த நாலு வரிதான். மற்றதில் ஒரு சொல்கூட எனக்கு ஞாபகம் இல்லை.